வெங்காயப் பட்டறையில் 2222

குன்னம்,
12 ஜூன் 2025

அன்புள்ள ஜெனிதாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமானதைப் பெரிதாக்கவும் மாட்டேன், பாதகமானதை விழுங்கவும் மாட்டேன். உன் விடுதி முகவரியை உன் அம்மா லீலா மேரி டீச்சரிடம் கேட்டு வாங்கினேன். ஏலாக்குறிச்சிப் பக்கம் மாற்றலாகிப் போனபிறகும் அவர்கள் என்னிடம் முன்போலவே பேசினார்கள். விடுதியில் போன் கிடையாதாம். இருந்திருந்தாலும் என் பெயரைப் பார்த்து நீ எடுத்திருப்பாயா என்று தெரியவில்லை.

நம் மெஷின் மறுபடியும் எரிந்துவிட்டது.

எங்கள் பட்டறையை நீ பார்த்திருக்கிறாய். கல் கால், மரச்சட்டம், பக்கமெல்லாம் மூங்கில் தட்டி, மேலே தென்னங்கீற்று. ஆடியில் ஊன்றவேண்டிய விதை வெங்காயம் முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது. மதியத்தில் புழுக்கம் ஏறினால் குவியலின் நடுவிலிருந்து அழுகிக்கொண்டு வருகிறது. இந்த வருடம் வாசனை இப்போதே வரத் தொடங்கிவிட்டது. அதனால்தான் பிப்ரவரியில் பள்ளிக் கண்காட்சியோடு விட்டதை மறுபடி எடுத்தேன். மருந்தடிக்கும் மெஷினின் பேட்டரி, வேல்முருகன் சித்தப்பா தன் லாரியில் சீட்டுக்கு மேலே மாட்டியிருந்த சின்ன ஃபேன், சூட்டை உணரும் மிளகளவு தெர்மிஸ்டர், சூடு ஏறினால் ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிட ஒரு டிரான்சிஸ்டர். எல்லாம் அதேதான். டிரான்சிஸ்டர் மட்டும் வேறு.

பள்ளியில் எரிந்த 547 வகை டிரான்சிஸ்டர் தாங்குவது ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு. ஃபேன் இழுப்பதோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே பெரம்பலூருக்குப் போய் 2222 வாங்கினேன். அது 547 தாங்குவதைப்போல் எட்டு மடங்கு தாங்கும். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது அழகாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வைத்தேன். மதியத்துக்குள் கருகிய நாற்றம். எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்த சோப்பு டப்பாவின் மூடி உருகி ஓட்டை.

"வெங்காயத்துக்குக் காத்து வுடுறேன்னு பட்டறையவே கொளுத்திடாத" என்று அம்மா கத்தினார். அப்பா கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாப்பா, மேல இருக்கறது ஓலை. ஒரு பொறி போதும். வெதை போச்சுன்னா ஆடிக்கு எதை ஊனுறது?" என்றார்.

கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரே ஒரு தடவ. ஓடுறப்ப நான் கருகுற அந்தச் சாமான் மேல வெரல வெச்சு பத்து எண்ணுவேன். அதுக்குள்ள சுட்டு எடுத்துட்டேன்னா, எல்லாத்தையும் கழட்டி ஃபேன சித்தப்பன்ட்ட குடுத்துடணும்." கிணற்று மோட்டாரையும் அவர் இப்படித்தான் பார்ப்பார்.

மின்னோட்டக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 2222 வாங்கினேன். அப்படியும் எரிந்தது என்றால் உன் கணக்கு தப்பா?

கவியா


வரதராசன்பேட்டை,
18 ஜூன் 2025

கவியாவுக்கு,

'நடந்ததை நடந்தபடியே' எழுதுவதாகச் சொன்ன கடிதத்தில் பிப்ரவரி 28, பள்ளிக் கண்காட்சி அன்று காலை நடந்தது காணோம். அதை நான் எழுதுகிறேன்.

நான் 547-ஐத் தேர்ந்தெடுத்தது ஒரு சின்ன எல்.இ.டி. விளக்குக்கு. ஃபேனுக்குப் பதிலாக விளக்கு எரிந்து காட்டட்டும் என்று முடிவு செய்தது நாம் இருவரும். அன்று காலை நான் சார்ட் பேப்பர் ஒட்டப் பசை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது விளக்கு இருந்த இடத்தில் ஃபேன் இருந்தது. "பல்பு எரிஞ்சா யாருக்குடி புரியும், ஃபேன் சுத்துனாதான் கை தட்டுவாங்க" என்றாய். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். புகை வந்தது. "இந்தப் பார்ட்டைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கேட்டார். நீ என்னைக் காட்டினாய்.

தேர்ந்தெடுத்தது நான்தான். நீ சொன்னது பொய்யில்லை. ஆனால் அதில் பாதிதான் இருந்தது. அதன்பிறகு ஏப்ரல் வரை வகுப்பில் சுதர்சன் என்னை 'புகை ஜெனிதா' என்று கூப்பிட்டான். நீ அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது உனக்குப் புரியாது.

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் அப்பா டிரான்சிஸ்டர்மேல் விரல் வைத்துப் பத்து எண்ணுவார் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அவருக்காகவும் வெங்காயத்துக்காகவும் கேட்கிறேன்.

மின்னோட்டக் கணக்கு தப்பில்லை. ஆனால் அது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டோமோ என்று சந்தேகம். மேசைமேல் நீ எப்படிச் சூடேற்றிப் பார்த்தாய்? பட்டறையில் நாற்றம் வருவதற்கு முன்னால் ஃபேன் என்ன செய்துகொண்டிருந்தது? அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். வகுப்பில் எந்த ஜன்னல் கொக்கி உடைந்தது என்பதுகூட உனக்குத்தான் முதலில் தெரியும். இன்னொரு 2222 போட்டு, டிரான்சிஸ்டரின் இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே எத்தனை வோல்ட் என்று அளந்து எழுது. எரிவதற்குள் ஒயரைப் பிடுங்கிவிடு.

ஜெனிதா


குன்னம்,
24 ஜூன் 2025

அன்புள்ள ஜெனிதாவுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. ஃபேனை மாற்றியது நான். வெள்ளிக்கிழமை பிசிக்ஸ் வகுப்பில் எழுந்து நின்று அறிவரசன் சாரிடம் அதைச் சொன்னேன். சுதர்சனும் இருந்தான். "அப்ப நீதான் புகையா?" என்றான். ஆமாம் என்றேன். அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. இனி உன் கேள்விகள்.

மேசைமேல் நீ காட்டியபடியேதான் பார்த்தேன். கொதிக்கும் டீ டம்ளரில் தெர்மிஸ்டரை ஒட்டினேன். ஃபேன் உடனே விர்ரென்று சுற்றியது. எடுத்ததும் நின்றது.

பட்டறையில் அப்படி இல்லை. நீ கேட்டபிறகுதான் யோசித்துப் பார்த்தேன். காலையில் முதலில் ஃபேன் சுற்றவே இல்லை, முனகியது. மாடு அசைபோடுவதுபோல் ஒரு சத்தம். பிறகு இறக்கைகளை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு மெதுவாகச் சுற்றியது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. முழு வேகம் வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது.

அளப்பதற்கு மீட்டர் இல்லை. போர் மோட்டார் பழுது பார்க்கும் அய்யாக்கண்ணு அண்ணனிடம் மல்டிமீட்டர் கேட்டேன். "என்ன பாப்பா, வெங்காயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கப் போறியா?" என்றார். "ஆமாண்ணே, நாடித்துடிப்பு மெதுவா இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

புது 2222 போட்டுப் பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். அம்மா வாளியில் தண்ணீரும் ஒரு கோணிச் சாக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபேன் முனகும்போது டிரான்சிஸ்டரின் ஓரக் கால்களுக்கு நடுவே ஆறு வோல்டுக்குச் சற்று மேல் இருந்தது. அப்போது ஓடிய மின்சாரம் கால் ஆம்பியர். விரலை வைத்தேன். ஒன்று சொல்வதற்குள் எடுத்துவிட்டேன், கொப்பளம் வந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பிறகு டீ டம்ளரை வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டு அளந்தேன். வெறும் அரை வோல்டுக்கும் கீழே. விரலும் சுடவில்லை!

முழு வேகத்தில் சுடாதது, மெதுவாக ஓடும்போது ஏன் சுடுகிறது? மெதுவாக ஓடினால் மின்சாரம் குறைவுதானே? இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரசத்தில் உப்புப் போட்டேனா என்று அம்மா கேட்டதற்கு "ஆறு வோல்ட்" என்றேன்.

கவியா


வரதராசன்பேட்டை,
1 ஜூலை 2025

அன்புள்ள கவியா,

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! படிப்பு நேரத்தில் உன் கடிதத்தைப் பிரித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

டிரான்சிஸ்டரில் எவ்வளவு சூடு உண்டாகிறது என்பதற்கு மின்சாரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன்மேல் விழும் வோல்டையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். முழுதாக மூடியிருந்தால் மின்சாரமே இல்லை, சூடும் இல்லை. முழுதாகத் திறந்திருந்தால் மின்சாரம் உண்டு, ஆனால் அதன்மேல் விழும் வோல்ட் சொற்பம். சூடு மிகக் குறைவு. பாதி திறந்து நிற்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து அதன் தலையில் விழுகின்றன. காற்றடிக்கும்போது கதவை முழுதாகச் சாத்தினாலும் முழுதாகத் திறந்து வைத்தாலும் நமக்குக் கை வலிக்காது. பாதி திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்று பார், தெரியும்.

உன் ஆறு வோல்டையும் கால் ஆம்பியரையும் பெருக்கினேன். ஒன்றரை வாட். விவரத்தாளில் 2222 தாங்குவது அரை வாட்! மூன்று மடங்கு. அதுவும் மூடிய சோப்பு டப்பாவுக்குள், வெயிலில்.

இனி என் தப்பு. டீ டம்ளர் என் யோசனை. டம்ளர் சூட்டில் டிரான்சிஸ்டர் ஒரு கணத்தில் மூடியதிலிருந்து முழுத் திறப்புக்குத் தாவிவிடுகிறது. பாதியில் நிற்க அதற்கு நேரமே இல்லை. பட்டறையோ டீ டம்ளர் இல்லை. அங்கே சூடு காலையிலிருந்து நிதானமாக ஏறுகிறது. டிரான்சிஸ்டர் பாதி திறந்தபடி அவ்வளவு நேரமும் நின்றது. நாம் டீயைத்தான் சோதித்திருக்கிறோம், பட்டறையைச் சோதிக்கவே இல்லை.

முதலில் இன்னும் பெரிய டிரான்சிஸ்டர் போடலாம் என்று நினைத்தேன். எரியாது. ஆனால் ஃபேன் முனகுவது நிற்காது, பேட்டரி வீணாகும், உன் அப்பா விரலும் சுடும். அதனால் அதைப் பாதியில் நிற்க விடாமல் செய்யப்போகிறேன். இரண்டு டிரான்சிஸ்டர். தெர்மிஸ்டரைக் கேட்டு முடிவெடுக்க ஒன்று. அதற்குப் பழைய 547 வகையே போதும். ஃபேனை ஓட்ட 2222. ஃபேன் பக்கத்திலிருந்து முதலாவதற்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகச் சேதி திரும்பிப் போகும். 2222 கொஞ்சம் திறந்ததுமே அந்தச் சேதி போய் இன்னும் திற என்று தள்ளும். அதனால் ஒரே தாவல்தான். சூடு நன்றாகக் குறைந்த பிறகே மூடும், அதுவும் ஒரே தாவலில்.

இங்கே பிசிக்ஸ் லேபில் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. நேற்று மாலை ஜெபத்துக்கு முன் வார்டன் சிஸ்டர் வந்துவிட்டார்.

"ஜெனிதா, என்ன வாசனை இது?"

"ஈயம் உருக்குறேன் சிஸ்டர்."

"எதுக்கு?"

"குன்னத்துல வெங்காயம் அழுகுது சிஸ்டர்."

"சரி, அது முடிஞ்சதும் வாசல் காலிங் பெல்லையும் பாத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாவுகிறது, கவியா! டம்ளர் வைக்கவில்லை. தெர்மிஸ்டரைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஃபேனுக்குப் பதில் அதே அளவு இழுக்கும் மோட்டார். சத்தமே இல்லாமல் இருந்தது, திடீரென்று முழு வேகம்.

போர்டை முந்திரி டப்பாவில் வைத்துப் பார்சல் அனுப்புகிறேன். இங்கே முந்திரிக்குப் பஞ்சமில்லை என்பதால் மேலே கொஞ்சம் முந்திரியும் போட்டிருக்கிறேன். இன்னொரு டப்பாவின் மூடியைக் கத்தரித்து 2222-வின் தலையில் தகடாக மாட்டியிருக்கிறேன், சூடு பரவிப் போவதற்கு. எல்லாவற்றையும் போர்டின் மேலேயே அடக்கமாக வைத்துவிட்டேன். நீ பேட்டரியையும் ஃபேனையும் இணைத்தால் போதும்.

அன்புடன்,
ஜெனிதா

சுதர்சனின் முகம் எப்படி இருந்தது? விவரமாக எழுது.


குன்னம்,
10 ஜூலை 2025

ஜெனிதா,

டப்பா வந்தது. முந்திரி தீர்ந்தது. போர்டு வேலை செய்யவில்லை.

இணைத்ததும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. முனகல் இல்லை, அதில் நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் நிற்கவே இல்லை. விடியற்காலைக் குளிரிலும் சுற்றுகிறது. இப்படி ஓடினால் பேட்டரி தீர்ந்து மதியத்தில் நின்றுவிடும். வெங்காயத்துக்குத் தேவைப்படுவதே மதியத்தில்தான். அப்பா விரல் வைக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வேறு, "லாரில வெந்து போறேன், ஃபேன குடு பாப்பா" என்று தினமும் கேட்கிறார்.

இந்தக் கடிதம் உனக்குப் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஞாயிறு தாண்டிவிடும். நீ எழுதியதையெல்லாம் மறுபடி படிக்கிறேன். நானே பார்த்துவிடுகிறேன்.

கவியா


குன்னம்,
13 ஜூலை 2025, ஞாயிறு

என் அன்புள்ள ஜெனிதா,

பட்டறை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பின்னால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக, முதலிலிருந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2222 சூடாக இல்லை. ஆனால் அதன் பக்கத்தில் நீ போட்டிருந்த ஒரு ரெசிஸ்டர் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் தோளில் தோள் உரசிக்கொண்டு தெர்மிஸ்டர்! அது பட்டறையின் சூட்டைக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு அடுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரில் போட்டபோது நீண்ட ஒயரில் இருந்ததால் உனக்குச் சரியாக வந்தது. எனக்கு அனுப்பும்போது அடக்கமாக இருக்கட்டும் என்று ஒயரை வெட்டிப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாய். டீ டம்ளருக்கு அடுத்த தப்பு இது. அடுக்கி வைக்கும் ஆசையில் எதையும் நகர்த்தக்கூடாது என்று இருவரும் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

அய்யாக்கண்ணு அண்ணனிடம் ஒயர் வாங்கி, தெர்மிஸ்டரை எடுத்துக் குவியலின் நடுவில் வெங்காயத்தோடு வெங்காயமாகத் தொங்கவிட்டேன். ஃபேன் நின்றது. நான் ஆடினேன், சாக்கில் கால் தடுக்கி விழுந்தேன். பாதகமானதையும் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அப்பா கட்டிலைப் பட்டறைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா வாளியையும் சாக்கையும் கொண்டுவந்து வைத்தார். சுதர்சன் சைக்கிளில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான்.

"எதுக்குடா வந்த?" என்றேன்.

"புகை பாக்க" என்றான்.

வெயில் ஏறியது. ஃபேன் அசையவில்லை. முனகவும் இல்லை. "ஓடாது போலருக்கே" என்றான் சுதர்சன். வெயில் கூரைக்கு நேர் மேலே வரும் சமயம் அப்பா ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அப்போது விர்ரென்று ஒரே சத்தம். தட்டியோரம் கிடந்த வெங்காயத்தோல் எல்லாம் பறந்து சுதர்சன் தலைமேல் போய் விழுந்தது. நீ கேட்டாயே அவன் முகம் எப்படி இருந்தது என்று. இதுதான், சிவப்பு வெங்காயச் சருகோடு.

அப்பா எழுந்து வந்தார். வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். தகட்டை விலக்கி 2222-வின் தலைமேல் விரலை வைத்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு, அஞ்சு. புருவம் சுருங்கவில்லை. எட்டு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பது. பத்து.

விரலை எடுக்கவில்லை! பதினொண்ணு, பன்னெண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். இருபதைத் தாண்டியதும் அம்மா, "போதும் வுடுங்க, அங்கயே ஒட்டிக்கிச்சா?" என்றார்.

"இல்ல புள்ள, சும்மா எளஞ்சூடாத்தான் இருக்கு" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "அன்னைக்குக் கருகுனதும் இதே சாமான்தானா?"

"இதே 2222-தாம்ப்பா."

"அப்ப சாமான்ல தப்பில்ல. அத நிக்க வெச்ச நெலைலதான் தப்பு" என்றார். ஜெனிதா, நீ நான்கு பக்கம் எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்!

"யாரு பூட்டுனது இத?" என்று கேட்டார்.

"ஜெனிதாப்பா. லீலா மேரி டீச்சர் பொண்ணு. வரதராசன்பேட்டைல இருந்து பண்ணி அனுப்புனா" என்று சத்தமாகச் சொன்னேன். வேப்பமரம் வரைக்கும் கேட்கிற மாதிரி.

சுதர்சன் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தான். "எங்க பட்டறைக்கும் ஒண்ணு பண்ணித் தரச் சொல்லுவியா?" என்றான். "அவ பேர ஒழுங்கா சொல்லிக் கேளு" என்றேன். "ஜெனிதாட்ட கேளேன்" என்றான். புகை போய்விட்டது. நான் சாட்சி.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த வேல்முருகன் சித்தப்பா ஃபேனைத் தூக்கிப் போகத்தான் வந்தார். அப்பா வழியை மறித்துக்கொண்டு நின்றார். "நீ வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கடா. இது வெங்காயத்தோடது." சித்தப்பா சோற்றில் கை வைத்தார்.

அம்மா நடுக்குவியலில் கைவிட்டு அளைந்து முகர்ந்து பார்த்தார். இரண்டு வெங்காயத்தைத்தான் தூர எறிந்தார். பிறகு வாளித் தண்ணீரை வேப்பமரத்தில் ஊற்றிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இதற்கு மேல் ஒரு பரிசும் வேண்டாம்.

ஆடி பிறக்க இன்னும் நாலு நாள். மழை பெய்ததும் இந்த விதையைத்தான் ஊன்றப்போகிறோம். விடுதி விடுமுறையில் நீ வரவேண்டும் என்று அப்பா சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

என்றும் உன்,
கவியா

பி.கு.: ஒட்டிய கடிதத்தை மறுபடி பிரித்து எழுதுகிறேன், ஒன்று பாக்கியிருந்தது. ஓடியதைப் பார்த்தோம், நிற்பதையும் பார்த்தால்தான் சோதனை முழுமை. பொழுது சாய்ந்ததும் அப்பா பட்டறையில் பல்பைப் போட்டார். நானும் அவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே காற்று குளிர்ந்தது. ஃபேன் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முனகாமல், தயங்காமல், சட்டென்று 2222 மின்சாரத்தை மூடியது. இறக்கைகள் இரண்டு சுற்று சும்மா சுற்றி நின்றன. அப்பா ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை எண்ணவில்லை. "வூட்டுக்குப் போவம் பாப்பா" என்றார். தட்டியைச் சாத்தினோம். விளக்கை அணைத்தோம்.